நைனா காதில் வைத்துச் சொன்ன டப்பாக்கள்

அம்மணிகளே,

மலைக்குப் போவதென்று முடிவானதிலிருந்து நம் குரூப்பில் மலையைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. எல்லாம் சாப்பாட்டுப் பேச்சுதான். வங்கியில் வேலை பார்த்தவளுக்கு வெந்நீர் ஊற்றினால் உப்புமா ஆகிற பாக்கெட் வேண்டும். நர்ஸம்மா பேரீச்சம்பழத்தைக்கூடத் தராசில் வைத்து நிறுத்து, முதுகில் இவ்வளவுதான் ஏற்றலாம் என்கிறாள். தலைமையாசிரியை சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் இல்லாமல் ஒரு படிகூட ஏறமாட்டாளாம். எல்லாருக்கும் அறுபது தாண்டியாயிற்று, முட்டி தேய்ந்துவிட்டது, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் ஒன்றும் எழுதவில்லை என்று உங்களுக்குக் கோபம். போன் பண்ணினால் எடுப்பதில்லை என்று அதைவிடப் பெரிய கோபம். "அவளுக்குக் கொஞ்சம் திமிர்தான்" என்று ஒருத்தி எழுதிவிட்டு அழிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். போகட்டும். எங்கள் நைனாவைப் பற்றியும் எங்கள் சந்தில் இதையேதான் சொன்னார்கள். முதுகில் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு நான் நடந்த முதல் பயணமும் அந்தப் பேச்சும் ஒரே சமயத்தில் நடந்தவை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். மலைக்கு நான் என்ன எடுத்து வருகிறேன் என்பது கடைசியில் வரும்.

அப்போது நாங்கள் தண்டையார்பேட்டையில் கூட்ஸ் யார்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தோம். கொடியில் காய்ந்த வெள்ளைத் துணி மாலைக்குள் கரி படிந்து சாம்பல் நிறமாகிவிடும். காற்று வடக்கேயிருந்து வந்தால் மணலியின் கேஸ் வாடை, கிழக்கேயிருந்து வந்தால் காசிமேட்டு மீன் வாடை. வாடையை வைத்தே திசை சொல்வோம்.

நைனாவுக்கு யார்டில் சக்கரம் தட்டும் வேலை. நீளமான காம்பு போட்ட சுத்தியலை எடுத்துக்கொண்டு, நிற்கிற வாகன்களின், அதாவது சரக்குப் பெட்டிகளின், சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கணீரென்று பதில் சொல்லும். உள்ளே விரிசல் விட்ட சக்கரம் ஓட்டைப் பானைபோல மொத்தென்று ஒலிக்கும். அந்த வாகனைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். கழற்றாமல் விட்டால், எண்ணெய் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி எங்கேயாவது தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். அந்த வேலைக்குக் காதுதான் முதல். காது போனால் வேலை போகும் என்பது எங்கள் வீட்டில் எனக்கும் தெரியும். ஒருமுறை காது வலிக்கிறது என்று அவர் சொன்னபோது அம்மா எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்தாள். நைனா கிட்டவே விடவில்லை.

"காதுல கைய வெக்காத. அதாம்மே சோறு போடுது."

அந்தக் காதுக்குச் சந்தில் இன்னொரு மரியாதையும் இருந்தது. ராயபுரத்தில் துறைமுகத்துச் சுவரோரம் லேபிள் போன டப்பாக்களைக் கூறு கட்டி விற்பார்கள். கப்பலில் சாப்பாட்டுக்காக வந்தவை, தண்ணீரில் ஊறிக் காகிதம் உரிந்து வெறும் தகரமாக நிற்கும். உள்ளே பழமா, மீனா, கறியா என்பது விற்கிறவனுக்கும் தெரியாது. அதனாலேயே மலிவு. எங்கள் சந்துக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

"அண்ணே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுண்ணே. இன்னா கீது உள்ள?"

நைனா முதலில் மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். உப்பியிருந்தால், "தூக்கிக் கடாசு" என்பார். நல்ல டப்பாவாக இருந்தால் வலது காதருகே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு குலுக்கல். பழமென்றால் பாகு முதலில் ஓடும், துண்டுகள் பின்னால் வந்து இடிக்கும். பட்டாணி சலசலக்கும். மீன் சோம்பேறித்தனமாகப் புரளும். கறி அசையவே அசையாது. இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னதுதான். நானும் குலுக்கிப் பார்த்திருக்கிறேன், எனக்கு எல்லாமே லொடலொடவென்றுதான் கேட்டது.

பாய்வீடுகளில் எதை, யார் அறுத்தார்கள் என்று தெரியாத கறி வீட்டுக்குள் வரக்கூடாது. எங்கள் பக்கமும் செவ்வாய், வெள்ளி பார்க்கிற வீடுகள், கறியே தொடாத வீடுகள் இருந்தன. அவர்களெல்லாம் டப்பாவைப் பார்க்க மாட்டார்கள், நைனாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் பழம் என்றால் பழம்தான். ஒரு தடவையும் தப்பியதில்லை.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, தை பிறந்து வெயில் ஏறாமல் இருந்த நாட்களில், எங்கள் டிரில் டீச்சருக்கு ஓர் ஆசை வந்தது. பெண்பிள்ளைகளை எண்ணூரில் முகத்துவாரத்தைத் தாண்டி, காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரைக்கும் கடலோரமாக நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நடுவில் ஓர் இரவு வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வேண்டும் என்று. இன்று அந்த மணலில் அப்படி நடக்க முடியாது, மதிலும் துறைமுகமும் வந்துவிட்டன. அன்று மணலும் சவுக்கும்தான்.

டீச்சர் போட்ட சட்டம் கடுமையானது. முந்தின வருஷச் சுற்றுலாவில் யாரோ பிரியாணி கட்டிக்கொண்டு வந்து, அது கெட்டு, பாதிப் பேருக்கு வயிறு கலங்கிவிட்டதாம். அதனால் இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தார். ஜோடியில் ஒருத்தி தண்ணீர் கேன்களைச் சுமக்க வேண்டும், இன்னொருத்தி இருவருக்கும் சாப்பாட்டைச் சுமக்க வேண்டும். சாப்பாடு ஒரே வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அன்றன்று கெட்டுப்போகிற எதுவும் கூடாது, அடுப்பு மூட்டுவது கூடாது.

என் ஜோடி என் தோழி, நாலு வீடு தள்ளியிருந்த பாய்வீட்டுப் பெண். தண்ணீர் அவளுக்கு, சாப்பாடு எனக்கு என்று சீட்டுப் போட்டதில் வந்தது. அவள் அம்மா அன்று மாலையே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. புள்ள ஆசப்படுது. ஆனா ரெண்டு நாளு வெளிய என்னா துன்னுமோ எதை துன்னுமோன்னு எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. நான் அனுப்பல."

தோழி அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அவள் அதுவரை தண்டையார்பேட்டையை விட்டு எங்கேயும் போனதில்லை. அவள் வராவிட்டால் ஜோடி இல்லாமல் எனக்கும் கிடையாது.

இந்த இடத்தில் அந்த மாதங்களில் நைனா எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். யாரைப் பார்த்தாலும் நின்று பேசுகிறவர், பேசாமல் போக ஆரம்பித்திருந்தார். டீக்கடைக்காரர் ஒருநாள் அம்மாவிடமே சொன்னார்:

"இன்னாக்கா, அண்ணன் கூப்புடக் கூப்புடக் கண்டுக்காம போய்கினே கீறாரு? படா தெனாவெட்டு ஏறிப்போச்சு."

அம்மாவுக்கும் அதே மனத்தாங்கல். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. "எவ நெனப்புல குந்திகினு கீறியோ" என்று முணுமுணுப்பாள். ஆனால் நேரெதிரே உட்கார்ந்து அவள் பேசினால் மட்டும் நைனா அவள் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு அம்மா வெட்கப்படுவாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லையாம். பாய்வீட்டம்மாவிடம் அதைச் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருக்கிறது.

டப்பாவைக் குலுக்குவதும் மாறியிருந்தது. ஒரு குலுக்கல் மூன்று நான்காயிற்று. காதருகே வைக்காமல் தாடையெலும்பில் வைத்து அழுத்திக்கொள்வார். உள்ளங்கையில் வைத்து விரலால் சுண்டுவார். சந்துக்காரர்கள், "அண்ணன் புதுசா இஸ்டைலு வுடுறாரு" என்று ரசித்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் டப்பா வரத்தும் குறைவு. வந்தவற்றில் ஒன்றிரண்டு தப்பியிருக்கலாம். மீன் என்று சொன்னது பட்டாணியாக இருந்தால் யார் வந்து சண்டை போடப் போகிறார்கள்?

பாய்வீட்டம்மா வந்து நின்றபோது அம்மா நைனாவின் எதிரே போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். நைனா எழுந்தார். பரணில் கையை விட்டு மூன்று டப்பாக்களை எடுத்து வரிசையாக வைத்தார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டப்பாவா? நான் அவலு கட்டிக் குடுக்கலாம்னு கீறேன். அவலு, வெல்லம், பொட்டுக்கடல. லேசா இருக்கும்."

"அவலத் துன்னுட்டு அம்மாந்தூரம் நடப்பாளுங்களா? கப்பக்காரன் மாசக்கணக்கா கடல்ல கெடக்கிறான். இன்னா துன்றான்? டப்பாதான."

"கப்பக்காரன் அத்த முதுவுல தூக்கிகினு நடக்கிறானா?"

பாய்வீட்டம்மாவே சிரித்துவிட்டார். நைனா சிரிக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவாகத் தாடையில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு குலுக்கினார். நேரம் எடுத்துக்கொண்டார். நாங்கள் நால்வரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இது பழம். இது பட்டாணி. இதுவும் பழம். கறி இல்ல, மீனு இல்ல. தங்கச்சி, என் காது சொல்லுது. உன் புள்ளய தைரியமா அனுப்பு."

பாய்வீட்டம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன் காது சொன்னா அப்புறம் என்னா" என்றார். தோழி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். அந்தக் கிள்ளலின் தடம் மறுநாளும் இருந்தது.

பைக்கு எங்கே போவது? நைனாவின் பழைய காக்கிக் கால்சட்டையின் கால் இரண்டையும் அம்மா வெட்டி எடுத்தாள். இடுப்புப் பகுதியை அடியில் மூட்டிப் பையாக்கி, வெட்டிய கால்களை மடித்துத் தைத்துத் தோளுக்கு வாராக்கினாள். பட்டன் வைத்த பாக்கெட் வெளிப்பக்கம் அப்படியே இருந்தது. அதில் இரும்புத் தூள் வாடை எத்தனை துவைத்தும் போகவில்லை. அந்த மாதிரி ஒரு பையை, மலைக்கென்று நீங்கள் பை வாங்கிய கடையில் பார்த்தால் வாயைப் பிளப்பீர்கள்.

டப்பாக்களின் மூடியில் ஆணியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று கீறி நைனா அடுக்கினார். அவர் அந்தப் பக்கம் போனதும் அம்மா மூன்றையும் வெளியே எடுத்து, அடியில் அவல் மூட்டையைத் திணித்து, மேலே மறுபடி டப்பாக்களை வைத்தாள். "பாரமா கீதும்மா" என்று சிணுங்கினேன். "கம்முனு தூக்கிகினு போ" என்றாள். அவளுக்கு டப்பாவின் மேல் சந்தேகம் ஒன்றும் கிடையாது. தான் கட்டிக் கொடுத்ததைத்தான் மகள் தின்ன வேண்டும் என்கிற வீம்பு, அவ்வளவுதான்.

எண்ணூரில் முகத்துவாரத்தைப் படகில் தாண்டி நடக்க ஆரம்பித்தோம். வலப்பக்கம் கடல், இடப்பக்கம் சவுக்கு, பின்னால் திரும்பினால் மின்நிலையத்தின் புகைபோக்கி. எவ்வளவு நடந்தாலும் அது தூரமாகவே இல்லை. மணல் காலை உள்ளே இழுத்தது. டப்பாக்களின் விளிம்பு முதுகெலும்பில் இடித்துக்கொண்டே வந்தது. வெயில் ஏற ஏறத் தகரம் சூடாகிப் பை அடுப்பாகிவிட்டது. தோழிக்கு மட்டும் எதுவும் உறைக்கவில்லை. இரண்டு கேன்களையும் சுமந்துகொண்டு அலைக்கும் மணலுக்கும் நடுவே ஓடினாள். நண்டைத் துரத்தினாள். செத்துக் கிடந்த பேத்தை மீனைக் குச்சியால் குத்தினாள். அவள் அப்படிக் கத்திச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

உச்சிவேளையில் காட்டுப்பள்ளிக்கு முன்னால் சவுக்கு நிழலில் உட்காரச் சொன்னார்கள். எல்லா ஜோடியும் மூட்டையைப் பிரித்தது. பொரி, முறுக்கு, வறுத்த மாவு. டப்பா வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். அதனால் எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பழம், கப்பல்ல வந்தது" என்று சொல்லி, நைனா ஒன்று என்று கீறியிருந்த டப்பாவை டீச்சரிடம் கொடுத்தேன். டீச்சர் கத்தியைக் குத்தி வட்டமாக அறுத்தார். தோழி தட்டை நீட்டிக்கொண்டு முட்டி போட்டிருந்தாள்.

மூடி தூக்கியதும் முதலில் வாடை வந்தது. பிறகு பார்த்தோம். சிவப்பாக இழை இழையாகக் கறி, மேலே வெள்ளைக் கொழுப்பு வெயிலில் இளகி மினுங்கியது. அது எந்த மிருகத்தின் கறி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. தோழி தட்டை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பழம்னு சொன்னியே?" என்றார் டீச்சர்.

"பழம்தான் டீச்சர். எங்க நைனா கேட்டாரு."

டீச்சர் இரண்டாவது டப்பாவைத் திறந்தார். நைனா பட்டாணி என்று சொன்ன டப்பா. உள்ளே மஞ்சளாகப் பழம், பாகில் மிதந்தது. மற்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒருத்தி, "உங்க நைனா நல்லா பீலா வுட்டுகீறாரு" என்றாள். டீச்சருக்குக் கோபம். துறைமுகத்துக் குப்பையை என் முதுகில் கட்டி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்.

"பொறுப்பில்லாத மனுஷன்! ஒரு பிள்ளையோட சாப்பாட்டு விஷயம்னு தெரிய வேணாம்?"

எனக்கு அழுகை வந்தது. அவமானத்தைவிட எனக்குக் குழப்பம்தான் அதிகம். நைனா பொய் சொல்லமாட்டார், அவர் காது தப்பாது, ஆனால் டப்பா இரண்டும் எதிரே திறந்து கிடக்கின்றன. இவை மூன்றும் சேர்ந்து எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று விளங்கவில்லை.

பழத்தைத் தோழியிடம் நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். "அதே கத்தி" என்றாள், மெதுவாக, என்னைத் திட்டாமல். கறியில் பட்ட கத்தி பழத்திலும் பட்டிருந்தது. காலையிலிருந்து நடந்தவள், முகம் வெளுத்திருந்தது. அப்போதுதான் பைக்குள் கையை விட்டு அடியிலிருந்து அவலை எடுத்தேன். கேன் தண்ணீரைத் தெளித்து, வெல்லத்தைக் கல்லில் உடைத்துப் போட்டுப் பிசைந்தோம். அந்த நேரமும் மறுநாளும் அவள் தின்றது அதை மட்டும்தான். பழத்தை நான் தின்றேன். பசி எனக்கும் இருந்தது, ருசியாகவும் இருந்தது. கறியை டீச்சர் மணலில் குழி தோண்டிப் புதைத்தார். நாங்கள் எழுந்து போவதற்குள் குப்பத்து நாய் ஒன்று வந்து தோண்டி எடுத்துவிட்டது. அது பாட்டுக்குத் தின்றுவிட்டு எங்கள் பின்னாலேயே கொஞ்சதூரம் வந்தது.

மூன்றாவது டப்பாவைத் திறக்கவில்லை. பழவேற்காடு வரைக்கும் சுமந்துபோய், பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தேன்.

"எங்கம்மாகிட்ட சொல்லாத. அப்புறம் எங்கியும் வுடமாட்டாங்க" என்றாள் தோழி. நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தவர்களிடம் டீச்சரே சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம், நான் காலைக்கூடக் கழுவவில்லை, பாய்வீட்டம்மா எங்கள் வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

நைனா வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எழுந்தார்.

"உங்க வார்த்தைய நம்பித்தானேண்ணே அனுப்புனேன்? அந்தக் கறிய என் புள்ள வாய்க்கு நேரா கொண்டுபோய்ட்டீங்களே. தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

வாசல் வெளிச்சம் பாய்வீட்டம்மாவுக்குப் பின்னால் இருந்தது. முகம் நிழலில். நைனா அவர் வாய் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டே வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"வாம்மா தங்கச்சி, வா. புள்ளைங்க சோக்கா போய்ட்டு வந்துச்சுங்க. பழம் நல்லா இருந்துச்சாமா?"

சண்டை போட வந்த பாய்வீட்டம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆயிற்று. அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா. அண்ணனுக்குக் காது கேக்கலக்கா."

"கேக்காம இன்னா? எல்லாம் நடிப்பு. நான் கூப்டாலும் இப்டித்தான்" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையின் மூடியை எடுத்து வந்தாள். நைனாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, தலைக்குமேல் தூக்கிச் சிமெண்ட் தரையில் போட்டாள்.

நான் துள்ளிவிட்டேன். பக்கத்து வீட்டில் தூங்கிய குழந்தை வீரிட்டது. நைனா பாய்வீட்டம்மாவின் பதிலுக்காகச் சிரித்தபடியே காத்திருந்தார்.

பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். திரும்பினார். மூடி தரையில் இன்னும் சுழன்று அதிர்ந்துகொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குனிந்து எடுத்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்ற அம்மாவின் கையில் கொடுத்தார்.

"டப்பால இன்னா இருந்துச்சி?" என்று என்னைக் கேட்டார்.

அவர் பார்க்கும்படி வாயைத் திறந்து, "கறி" என்றேன்.

"எதுல?"

"பழம்னு சொன்னியே நைனா, மொதல்ல வச்சது. பட்டாணின்னதுல பழம்."

அவர் உட்கார்ந்தார். வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்வீட்டம்மா எப்போது போனார் என்று எனக்கு நினைவில்லை. அம்மா நைனாவின் எதிரே போய் உட்கார்ந்து, ரகசியம் பேசுவதுபோல் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குப் புரிந்தது.

"யார்டுல சொல்லாத. கம்முனு இரு. இத்தினி மாசம் எப்டி ஓட்டுன?"

"கைல வருதும்மே. சுத்தி சக்கரத்துல படறப்போ காம்பு நடுங்கும். நல்லதுன்னா ஒரு மாதிரி, விரிசல் விட்டதுன்னா ஒரு மாதிரி. கை சொல்லிடும்."

"அப்ப அத்தயே வச்சிகினு ஓட்டு. நம்ப பொயப்பு போய்டும்யா."

"டப்பாவயும் கைதான் சொல்லிச்சு" என்றார் நைனா. "டப்பால தப்பாச்சுன்னா ஒரு புள்ள பட்டினி. வண்டில தப்பாச்சுன்னா?"

அம்மா அழுதாள். அவர் திரும்பிக்கொண்டார். திரும்பிவிட்டால் அவள் அழுவது அவருக்குக் கேட்காது.

மறுநாள் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார், வெறுங்கையோடு வந்தார். ஃபோர்மேனிடம் தானே சொல்லிவிட்டாராம். யார்டில் நின்ற வாகன்களையெல்லாம் இன்னொருவரை வைத்து மறுபடியும் தட்டிப் பார்த்தார்கள். அதில் என்ன கிடைத்தது என்று நைனா சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. வேலையைவிட்டு அனுப்பவில்லை, ஆபீஸைப் பெருக்கித் தண்ணீர் நிரப்பும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் இறங்கியது. அம்மா காசிமேட்டில் கருவாடு பிரிக்கப் போனாள். நான் பள்ளிக்கூடத்தை விடாத அளவுக்குச் சமாளித்தார்கள்.

சந்தில் எல்லாருக்கும் தெரிந்த பிறகு, திமிர் என்று சொன்னவர்கள் ஒரேயடியாகப் பரிதாபப்பட ஆரம்பித்தார்கள். அவர் காதருகே வந்து தொண்டை கிழியக் கத்தினார்கள். பாய்வீட்டம்மா ஒருத்தர்தான் அப்படிச் செய்யவில்லை. பேச வந்தால் வெளிச்சம் தன் முகத்தில் படுகிறமாதிரி வாசலுக்கு உள்பக்கம் வந்து, எதிரே நின்று, நிதானமாகப் பேசுவார். அதை யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது. தோழியை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதை அவர் நிறுத்தவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் டப்பா கொண்டுவரவில்லை. நான் சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்த அந்த மூன்றாவது டப்பா மட்டும் பரணிலேயே இருந்தது. நைனா பழம் என்று சொன்னது. பழமாகவும் இருந்திருக்கலாம். அதை அவர் மறுபடி எடுத்துக் குலுக்கி நான் பார்க்கவில்லை, நாங்களும் திறக்கவில்லை. துருவேறி, ஓரம் கசிந்து, பிறகு வீடு மாறியபோது எங்கேயோ போயிற்று. காக்கிப் பையும் அப்படித்தான்.

சரி, அம்மணிகளே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் அவல் எடுத்து வருகிறேன். வெல்லம், பொட்டுக்கடலை, எல்லாருக்கும் சேர்த்து. அதற்கு வெந்நீர் வேண்டாம், தராசும் வேண்டாம்.

இன்னொன்று. எனக்கும் இடது காதில் இப்போது ஒன்றும் விழுவதில்லை, வலது காதில் பாதிதான். மிஷின் வாங்கி வைத்திருக்கிறேன். காற்றடித்தால் அதில் இரைச்சல்தான் கேட்கிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் காலையில் நடக்கும்போது நீங்கள் பின்னாலிருந்து கூப்பிட்டது எதுவும் என் காதில் விழவில்லை. எதிரே வந்து பேசியபோது உங்கள் உதட்டைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தேன். கடற்கரையில் சமாளிக்கலாம். மலையில் மேலேயிருந்து கல் உருண்டு, "நில்லுடி" என்று நீங்கள் கத்தினால் நான் நிற்கமாட்டேன். என் பின்னால் வருகிறவளுக்கும் அது ஆபத்து.

எனக்கு இந்த மலைக்கு வர ரொம்ப ஆசை. இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு செய்யுங்கள். வேண்டாமென்றால் அவலை மட்டும் கொடுத்தனுப்புகிறேன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டேன். கூட்டிப்போவதாக இருந்தால் என்னை நடுவில் விடுங்கள். பின்னால் வருகிறவள் என் பையின் வாரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் நின்றுவிடுவேன். யார் இழுக்கப் போகிறீர்கள் என்று குரூப்பில் எழுதுங்கள். போன் பண்ண வேண்டாம்.